பழங்குடியைச் சேராதவருக்கு எதிராகப் பழங்குடி நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு ஆணை: மிச்சிகன் வழக்கு ஒன்றின் ஆய்வு

ஒரு பழங்குடியின் நீதிமன்றம், அந்தப் பழங்குடியில் உறுப்பினராக இல்லாத, அதன் நிலத்தில் குடியிருக்கவும் செய்யாத ஒருவருக்கு, “இன்னாருடைய வீட்டை நெருங்கக் கூடாது, அவரோடு எவ்வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது” என்று ஆணையிட முடியுமா? மிச்சிகன் உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான, அமெரிக்காவின் ஆறாவது சுற்று நீதிமன்றம் 2019-இல் இந்தக் கேள்விக்கு “முடியும்” என்று விடையளித்தது. வழக்கின் பொருண்மைகள் சிறியவை. ஒரு குடும்பத்துக்குள் எழுந்த பிணக்கு. ஆயினும் அமெரிக்கப் பழங்குடிகளின் நீதி அதிகாரம் நாற்பது ஆண்டுகளாக எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றதோ, அந்த இடத்தை இவ்வழக்கு நேராகத் தொட்டது. தீர்ப்பு சரியானது என்பது என் முடிவு. ஆனால் அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், பாதுகாப்பு தேடி வரும் ஒருவருக்கு இத்தீர்ப்பால் உண்மையில் எவ்வளவு பயன் என்பதைச் சொல்ல இயலாது.

வழக்கின் பொருண்மைகள்

மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள நொட்டவாசெப்பி ஹியூரான் பொட்டவட்டாமி என்ற பழங்குடிக் குழு, 1840-இல் இராணுவத்தைக் கொண்டு மேற்கே விரட்டப்பட்ட பொட்டவட்டாமிகளில் தப்பித் திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்களைக் கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களுக்கென வாங்கப்பட்ட 120 ஏக்கர் நிலமே, அப்பழங்குடிக்கென ஒதுக்கப்பட்ட நிலமான பைன் கிரீக் ஒதுக்கீட்டுப் பகுதியின் மூலம். கூட்டாட்சி அரசின் முறையான ஏற்பு 1995 டிசம்பரில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று அப்பழங்குடிக்குச் சொந்தமாக ஒரு விசாரணை நீதிமன்றமும், அதற்கு மேல் ஓர் உச்ச நீதிமன்றமும் உள்ளன.

அப்பகுதியில் குடியிருந்த உறுப்பினர் ஒருவர், திருமண வழியில் தமக்கு உறவினரான ஒரு பெண் தமக்குத் தொடர்ந்து தொல்லை தருகிறார் என்று பழங்குடி நீதிமன்றத்தை 2017-இல் அணுகினார். அப்பெண் பழங்குடியைச் சேராதவர், வெளியே வசிப்பவர். அடி உதை நடந்ததாக முறையீடு இல்லை. அழைப்பில்லாமல் வீட்டுக்கு வருவதும், வேண்டாம் என்ற பிறகும் கடிதத் தொடர்பு தொடர்வதும்தான் முறையீட்டின் சாரம். நீதிமன்றம் முதலில் ஒருதலைப்பட்சமாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. பின்னர் எதிர்மனுதாரரையும் கேட்டு, விசாரணை நடத்தி, ஆணையை உறுதி செய்தது. “உங்களுக்கு என்மேல் அதிகாரமே இல்லை” என்ற எதிர்மனுதாரரின் வாதத்தைப் பழங்குடியின் உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. அதன் பிறகு அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்று, பழங்குடியின் தலைமை நீதிபதி மெலிசா போப் மீதும் அப்பழங்குடியின் உச்ச நீதிமன்றத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்ய, அது மேல்முறையீட்டுக்கு வந்தது.

பழங்குடி நீதிமன்றத்தின் அதிகாரத்தை மறுப்பவர் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஓடிவிட முடியாது. முதலில் பழங்குடியின் சொந்த நீதிமன்றங்களிலேயே அந்த வாதத்தை முழுமையாக வைத்து, அவற்றின் முடிவைப் பெற்றாக வேண்டும் என்பது 1985-இலும் 1987-இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. இங்கே அந்தப் படிகள் ஏறிக் கடக்கப்பட்டிருந்தன. ஆகவே அதிகார வரம்பு என்ற ஒற்றைக் கேள்வி, வேறு எந்த மறைப்பும் இல்லாமல், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் நின்றது.

ஒரே மண்ணில் எழுந்த இரு வழக்குகள்

இக்கேள்வி ஏன் இவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அறிய, மிச்சிகனை விட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் மேடிசன் ஒதுக்கீட்டுப் பகுதிக்குப் போக வேண்டும். சியாட்டில் நகரத்திலிருந்து பியூஜெட் கடல்கழியைத் தாண்டினால் வருவது இந்தச் சுக்வாமிஷ் பழங்குடியின் நிலம். 1973-இல் சுக்வாமிஷ் மக்கள் ஆண்டுதோறும் எடுக்கும் தலைவர் சியாட்டில் விழாவின்போது, அங்கே குடியிருந்த, பழங்குடியைச் சேராத ஒருவர் பழங்குடிக் காவலர் ஒருவரைத் தாக்கியதாகக் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978-இல் ஒலிஃபன்ட் தீர்ப்பாக வெளிவந்தது: பழங்குடியல்லாதவர் மீது குற்றவியல் வழக்கு நடத்தும் அதிகாரம், அமெரிக்க நாடாளுமன்றம் வெளிப்படையாக வழங்கினாலன்றி, பழங்குடிகளுக்கு இல்லை. தன் நிலத்தில் தன் காவலரை ஒருவர் தாக்கினாலும், அவரைத் தன் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அந்தப் பழங்குடியால் முடியாது என்பது அதன் பொருள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-இல், மாண்டனா வழக்கில் இதே தர்க்கம் உரிமையியல் பக்கம் நீண்டது. க்ரோ பழங்குடியின் பகுதிக்குள், உறுப்பினரல்லாதவர் தமக்கு முழு உரிமையுள்ள பட்டா நிலத்தில் வேட்டையாடுவதையும் மீன் பிடிப்பதையும் பழங்குடி கட்டுப்படுத்த முடியுமா என்பதே அவ்வழக்கு. உறுப்பினரல்லாதவர் மீது பழங்குடிக்குப் பொதுவாக அதிகாரம் இல்லை என்ற விதியை வகுத்த உச்ச நீதிமன்றம், இரண்டு விதிவிலக்குகளை மட்டும் ஏற்றது. ஒன்று, ஒப்பந்தம், குத்தகை, வணிகம் போன்ற வழிகளில் அவர் தாமாக விரும்பிப் பழங்குடியோடு உறவு வைத்துக்கொள்வது. மற்றது, அவருடைய நடத்தை பழங்குடியின் அரசியல் ஒருமைப்பாட்டையோ பொருளாதாரப் பாதுகாப்பையோ நலத்தையோ நேரடியாகப் பாதிப்பது. படிக்கும்போது இரண்டாவது விதிவிலக்கு அகலமாகத் தெரியும். ஆனால் பின்வந்த தீர்ப்புகள் அதை இறுக்கிக்கொண்டே வந்தன. 2008-இல் ஒரு வங்கியின் நில விற்பனை தொடர்பான வழக்கில், அந்த நடத்தை பழங்குடியின் இருப்பையே அச்சுறுத்தும் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற தொனியில் உச்ச நீதிமன்றம் பேசியது.

அதே 2008-இல், அதே போர்ட் மேடிசன் பகுதியிலிருந்து இன்னொரு வழக்கு எழுந்தது. அலாஸ்காவின் பழங்குடி ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண், பழங்குடியல்லாத தம் கணவருக்கு எதிராகச் சுக்வாமிஷ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றார். இருவரும் வாழ்ந்தது ஒதுக்கீட்டுப் பகுதிக்குள்தான். ஆனால் அவர்கள் வீடு நின்றது பட்டா நிலத்தில். 1887-ஆம் ஆண்டின் நிலப் பகிர்வுச் சட்டத்துக்குப் பிறகு பழங்குடி நிலங்கள் பல சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போலச் சிதறிவிட்டன என்பதை நினைவில் கொண்டால், இது அரிய நிலைமை அன்று என்பது விளங்கும். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், மாண்டனா விதியின் இரு விதிவிலக்குகளும் இங்கே பொருந்தா என்றும், பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் அப்போதைய வாசகம் பழங்குடியல்லாதவர் மீது புதிதாக எந்த அதிகாரத்தையும் வழங்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒரு வீட்டுக்குள் நடக்கும் வன்முறை அந்தச் சமூகத்தின் நலத்தைப் பாதிக்காது என்று கருதினால்தான் அந்த முடிவுக்கு வர முடியும். ஆயினும் நீதிமன்றத்தின் முன் அன்று இருந்த சட்ட வாசகம் உண்மையிலேயே பலவீனமானது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாப்பு ஆணைகளை நடைமுறைப்படுத்தும் முழு உரிமையியல் அதிகாரம் பழங்குடி நீதிமன்றங்களுக்கு உண்டு என்று சொன்னதே தவிர, அவற்றைப் பிறப்பிக்கும் அதிகாரம் பற்றியும், யாருக்கு எதிராக என்பது பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அதோடு, “பழங்குடியின் அதிகாரத்துக்கு உட்பட்ட விவகாரங்களில்” என்ற வரம்பையும் வைத்தது. அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டால், அதிகாரம் இருக்கும் இடத்தில் அதிகாரம் இருக்கிறது என்று விடை சொல்வதற்கு ஒப்பான வாசகம் அது.

2013-இல் மாறிய வாசகம்

2013 மார்ச் 7 அன்று அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட திருத்தச் சட்டம், ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 2265-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவை மாற்றி எழுதியது. புதிய வாசகத்தின்படி, ஒரு பழங்குடி நீதிமன்றத்துக்கு “எந்த நபரையும்” குறித்த பாதுகாப்பு ஆணைகளைப் பிறப்பிக்கவும் நடைமுறைப்படுத்தவும் முழு உரிமையியல் அதிகாரம் உண்டு. உரிமையியல் அவமதிப்பு நடவடிக்கை எடுப்பதும், ஆணையை மீறியவரைப் பழங்குடி நிலத்திலிருந்து விலக்குவதும், பிற தகுந்த வழிமுறைகளைக் கையாள்வதும் அதில் அடங்கும். இந்த அதிகாரம் பழங்குடி நிலப்பகுதியில் “எங்கும் எழும்” விவகாரத்துக்கும், அல்லது வேறு வகையில் பழங்குடியின் அதிகாரத்துக்கு உட்பட்ட விவகாரத்துக்கும் செல்லும்.

மூன்று மாற்றங்கள் ஒவ்வொன்றும் 2008 தீர்ப்பின் ஒவ்வோர் ஓட்டையை அடைப்பதற்காகவே எழுதப்பட்டவை. “பிறப்பிக்கவும்” என்ற சொல் சேர்ந்ததால், வேறு யாரோ பிறப்பித்த ஆணையை அமல்படுத்தும் அதிகாரம் மட்டும்தான் என்ற வாதம் போயிற்று. “எந்த நபரையும்” என்பதால் உறுப்பினரா அல்லவா என்ற சோதனை போயிற்று. “எங்கும் எழும்” என்பதோடு, பழங்குடி நிலப்பகுதிக்கு 1151-ஆம் பிரிவு தரும் வரையறையும் இணைக்கப்பட்டதால், பட்டா நிலமா, கூட்டாட்சி அரசு பழங்குடிக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் நிலமா என்ற கேள்வி போயிற்று. அந்த வரையறை ஒதுக்கீட்டுப் பகுதியின் எல்லைக்குள் உள்ள எல்லா நிலத்தையும், அது யார் பெயரில் இருந்தாலும், உள்ளடக்குகிறது.

இதே 2013 சட்டம் குற்றவியல் பக்கத்திலும் ஒரு கதவைத் திறந்தது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. குடும்ப வன்முறை செய்யும் பழங்குடியல்லாதவர் மீது குற்றவியல் வழக்கு நடத்தும் தனி அதிகாரத்தைப் பழங்குடிகள் விரும்பினால் ஏற்கலாம் என்று அச்சட்டம் சொன்னது. பாஸ்குவா யாக்கி, உமட்டில்லா, துலாலிப் ஆகிய மூன்று பழங்குடிகள் 2014 பிப்ரவரியில் அதை முதலில் தொடங்கின. ஆனால் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு: குற்றம் சாட்டப்பட்ட வசதியற்றவருக்குப் பழங்குடி அரசின் செலவில் வழக்கறிஞர், சட்டம் பயின்ற நீதிபதி, பழங்குடியல்லாதவர்களும் இடம்பெறக்கூடிய ஜூரி முறை. 570-க்கு மேற்பட்ட பழங்குடிகள் கூட்டாட்சி ஏற்பைப் பெற்றுள்ள நாட்டில், இச்செலவைத் தாங்கி அந்த அதிகாரத்தை ஏற்றவை மிகச் சிலவே. 2022-இன் திருத்தம் அந்த அதிகாரத்தைப் பாலியல் வன்முறை, பின்தொடர்தல், குழந்தைகள் மீதான வன்முறை முதலியவற்றுக்கும் விரித்தபோதும் அந்த நிபந்தனைகள் மாறவில்லை.

பாதுகாப்பு ஆணைக்கு அப்படி ஒரு தனி ஏற்பு நடைமுறை எதுவும் தேவையில்லை. ஒரு நீதிமன்றமும் நியாயமான விசாரணை முறையும் உள்ள எந்தப் பழங்குடியும் அதைப் பிறப்பிக்கலாம். குற்றவியல் வழக்கு, நடந்துமுடிந்த செயலுக்குத் தண்டனை தேடுவது. அதற்கு ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் வேண்டும், மாதக்கணக்கில் காலம் வேண்டும். பாதுகாப்பு ஆணையோ அன்று மாலை வீட்டுக்குத் திரும்பப் பயப்படுபவருக்கானது. எண்ணிக்கையில் பார்த்தால், பழங்குடிப் பெண்களை நாள்தோறும் தொடும் அதிகாரம் இந்த உரிமையியல் அதிகாரமே. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பழங்குடிப் பெண்களில் 84.3 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளானவர்கள். துணைவரின் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள் 55.5 விழுக்காடு. ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளான அப்பெண்களில் 97 விழுக்காட்டினர், வேற்றினத்தைச் சேர்ந்த ஒருவராலாவது வன்முறைக்கு ஆளானவர்கள். உறுப்பினர் மீது மட்டுமே செல்லும் ஆணை என்றால், இப்பெண்களுள் பெரும்பாலோருக்கு அது கதவில் பூட்டு இல்லாத வீடுதான்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது

ஆறாவது சுற்று நீதிமன்றம் மாண்டனா விதிவிலக்குகளுக்குள் இந்த வழக்கைப் பொருத்திப் பார்க்கும் சுற்றுவழியில் போகவில்லை. நாடாளுமன்றமே வெளிப்படையாகப் பேசிவிட்ட இடத்தில் அந்தச் சோதனைக்கு வேலை இல்லை. “எந்த நபரையும்” என்ற சொற்களில் ஐயத்துக்கு இடமே இல்லை, பழங்குடியல்லாதவரும் நபரே. ஆகவே தன் நிலப்பகுதியில் எழும் விவகாரத்தில், பழங்குடியல்லாதவருக்கு எதிராகவும் உரிமையியல் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை அந்த உட்பிரிவு பழங்குடி நீதிமன்றத்துக்குத் தெளிவாக அளிக்கிறது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்தச் சுருக்கத்தைத்தான் நான் தீர்ப்பின் வலிமையாகக் காண்கிறேன். மாண்டனா விதிவிலக்கு வழியாக இதே முடிவுக்கு வந்திருந்தால், இனி வரும் ஒவ்வொரு மனுதாரரும் தமக்கு நேர்ந்த தொல்லை பழங்குடி முழுவதன் நலத்தையும் பாதிக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அடி வாங்கியவர் தம் காயத்தைச் சமூகத்தின் காயமாக நிறுவிய பிறகே பாதுகாப்புப் பெறும் நிலை உருவாகியிருக்கும்.

அடி உதை இல்லாத தொல்லைக்கும் இந்தப் பிரிவு செல்லுமா என்பது அடுத்த கேள்வி. சட்டம் வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ற பெயரைத் தாங்கியிருப்பதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் பாதுகாப்பு ஆணைக்கு 2266-ஆம் பிரிவு தரும் வரையறை அகலமானது. வன்முறை, மிரட்டல் ஆகியவற்றோடு தொல்லை தருவதைத் தடுக்கவும், ஒருவரோடு தொடர்புகொள்வதையோ அவரை நெருங்குவதையோ தடுக்கவும் பிறப்பிக்கப்படும் தடையாணைகளும் அதற்குள் அடங்கும். எதிர்மனுதாரர் கணவராகவோ துணைவராகவோ இருக்க வேண்டும் என்றும் அந்த வரையறை கேட்கவில்லை.

வழக்கில் எதிர்வாதிகளாகச் சேர்க்கப்பட்டிருந்த இருவரையும் நீதிமன்றம் வேறுபடுத்தியே பார்த்தது. பழங்குடியின் உச்ச நீதிமன்றம் அப்பழங்குடியின் ஓர் உறுப்பு. எனவே அதற்கு எதிரான வழக்கைப் பழங்குடியின் இறையாண்மை விலக்குரிமை தடுத்துவிட்டது. நீதிபதி போப்புக்கு எதிரான வழக்கோ, எதிர்காலத்துக்குத் தடை கேட்கும் அளவில், கேட்கத்தக்கது. அது தகுதியின் அடிப்படையிலேயே தோற்றது. வறண்ட நடைமுறை நுணுக்கமாகத் தோன்றினாலும், பழங்குடி நீதிமன்றம் தன் வரம்பை மீறினால் அதைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழி அடைபடவில்லை என்பதை இது உறுதி செய்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பில் தலையிடவில்லை.

எதிர்வாதத்தின் நியாயம்

இத்தீர்ப்பை ஏற்காதவர்களின் வாதத்தில் ஒன்றை மட்டும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழங்குடியைச் சேராதவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. அந்தப் பழங்குடியின் சட்டத்தை இயற்றும் மன்றத்தில் அவருக்குக் குரல் இல்லை. அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைப் பட்டியல் பழங்குடி அரசுகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. 1968-ஆம் ஆண்டின் பழங்குடியினர் குடிமை உரிமைகள் சட்டம், நியாயமான நடைமுறையையும் சமப் பாதுகாப்பையும் பழங்குடிகள் மேல் கடமையாக்கியது உண்மை. ஆனால் அச்சட்டத்தை மீறினார்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேட்க, காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கோரும் மனுவைத் தவிர வேறு வழி இல்லை என்று 1978-இல் சாண்டா கிளாரா ப்யூப்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. காவலில் வைக்கப்படாமல், பாதுகாப்பு ஆணையால் மட்டும் கட்டுப்படுத்தப்பட்ட ஒருவர், தமக்கு விசாரணையில் அநீதி நேர்ந்தது என்று எங்கே போய்ச் சொல்வார்?

இதற்கான விடை அதே 2265-ஆம் பிரிவின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. விவாதங்களில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் குறை. ஓர் ஆணை வேறு மாநிலங்களிலும் பிற பழங்குடிகளிடமும் முழு மதிப்புப் பெற வேண்டுமானால், அதைப் பிறப்பித்த நீதிமன்றத்துக்குத் தன் சட்டப்படி தரப்பினர் மீதும் பொருள் மீதும் அதிகாரம் இருந்திருக்க வேண்டும். எதிர்மனுதாரருக்கு உரிய அறிவிப்பும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கிடைத்திருக்க வேண்டும். ஒருதலைப்பட்ச இடைக்கால ஆணையாக இருந்தால், அந்த அறிவிப்பும் வாய்ப்பும் அப்பழங்குடியின் சட்டம் குறித்த காலத்துக்குள், எப்படியும் நியாயமான காலத்துக்குள், வர வேண்டும். விசாரணையில் குறை வைத்துப் பிறப்பித்த ஆணை, எல்லையைத் தாண்டும்போது தானாகவே மதிப்பிழக்கும். ஆகவே எதிர்மனுதாரரின் உரிமையைக் காப்பது பழங்குடி நீதிமன்றத்தின் கருணையைப் பொறுத்தது அல்ல; தன் ஆணை செல்லுபடியாக வேண்டும் என்றால் அது அவர் உரிமையைக் காத்தே தீர வேண்டும். மிச்சிகன் வழக்கில் இடைக்கால ஆணைக்குப் பின் விசாரணையும், அதற்கு மேல் மேல்முறையீடும் நடந்திருந்தன என்பது அந்த ஆணையின் பலம்.

வாக்குரிமை வாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஓஹையோவில் வசிக்கும் ஒருவர் மிச்சிகனில் உள்ளவரைத் தொல்லை செய்தால் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு எதிராக ஆணையிடும். அவருக்கு மிச்சிகனில் வாக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தன் நிலத்தில் குடியிருப்பவரின் வாசலை நோக்கி வந்த நடத்தைக்கு விடை சொல்லச் சொல்லும் அதிகாரம் ஓர் அரசின் மிக அடிப்படையான அதிகாரம். பழங்குடிகளின் உள்ளார்ந்த அதிகாரத்தின் மேல் விழுந்த கட்டுகளைத் தளர்த்த நாடாளுமன்றத்துக்கு முடியும் என்று 2004-இல் லாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது. அந்த வழக்கு வேறு பழங்குடியைச் சேர்ந்தவர் மீதான குற்றவியல் அதிகாரம் பற்றியது என்பதால் அப்படியே இங்கே பொருந்திவிடாது. எனினும், சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றவியல் அதிகாரத்திலேயே அது ஏற்கப்பட்டது என்றால், உரிமையியல் ஆணையில் அதை மறுப்பது கடினம்.

ஆணை எல்லையைத் தாண்டும்போது

தீர்ப்பு அதிகாரத்தை உறுதி செய்தது. அமலாக்கத்தை அது உறுதி செய்ய இயலாது. பழங்குடி நிலப்பகுதிக்கு வெளியே ஒரு நெடுஞ்சாலைக் கடையில் எதிர்மனுதாரர் மனுதாரரை மறித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழைக்கப்பட்டு வருபவர் மாவட்ட ஷெரிஃபின் காவலர். மனுதாரர் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் தாளில் அவர் அறியாத ஒரு முத்திரை இருக்கிறது. அந்த ஆணையை உள்ளூர் நீதிமன்றத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும் என்று அவர் நினைக்கலாம். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பிற மாநிலத்தின் அல்லது பழங்குடியின் ஆணையை, பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் சொந்த நீதிமன்றத்தின் ஆணையைப் போலவே அமல்படுத்த வேண்டும் என்கிறது. ஆனால் நள்ளிரவில் சாலையோரத்தில் சட்டத்தொகுப்பைப் புரட்டிப் பார்க்கும் காவலர் இல்லை. அவர் பார்ப்பது தம் வண்டியில் உள்ள கணினித் திரையை. தேசியக் குற்றத் தகவல் மையத்தின் கோப்பில் அந்த ஆணை ஏறியிருந்தால் அவர் தயக்கமின்றிச் செயல்படுவார், ஏறியிருக்காவிட்டால் தயங்குவார்.

பல ஆண்டுகளாகப் பழங்குடி நீதிமன்றங்கள் அந்தக் கோப்பில் தம் ஆணைகளை ஏற்ற மாநில அரசின் வழியையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. மாநிலம் மறுத்தால் அல்லது தாமதித்தால் ஆணை காகிதத்தோடு நின்றுவிடும். 2015-இல் கூட்டாட்சி நீதித்துறை தொடங்கிய பழங்குடி அணுகல் திட்டம், அதில் சேர்ந்த பழங்குடிகள் நேரடியாகவே பதிவேற்ற வழி செய்தது. என் மதிப்பீட்டில், 2019 தீர்ப்பைக் காட்டிலும் இந்தப் பதிவேற்றும் வசதிதான் ஓர் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகமுள்ளது. அதனால் பாதுகாப்பு ஆணை எழுதும் பழங்குடி நீதிமன்றம், ஆணையின் முதல் பக்கத்திலேயே தன் அதிகாரத்தின் அடிப்படையையும், எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளையும், விசாரணை நடந்த நாளையும், ஆணை முடியும் நாளையும் தெளிவாக எழுதுவது வெறும் சடங்கு அன்று. விசாரணைக்குப் பின் பிறந்த ஆணையின் எதிர்மனுதாரர் துணைவராக இருந்தால், கூட்டாட்சிச் சட்டம் அவர் துப்பாக்கி வைத்திருப்பதையும் தடை செய்கிறது. அத்தடை செல்லும் என்று 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மிச்சிகன் வழக்கைப் போல எதிர்மனுதாரர் வேறு உறவினராக இருந்தால் அந்தத் தடை எழாது. இந்த வேறுபாட்டை ஆணையிலேயே எழுதாவிட்டால் காவலர் அதை ஊகிக்க முடியாது.

பழங்குடி நிலத்துக்குள்ளேயே மீறல் நடந்தால் என்ன? அந்தப் பழங்குடி தனிக் குற்றவியல் அதிகாரத்தை ஏற்காத நிலையில், மீறியவர் பழங்குடியல்லாதவரானால், அவரைக் குற்றவாளியாகச் சிறைக்கு அனுப்ப அதனால் முடியாது. அபராதம், அவமதிப்பு நடவடிக்கை, நிலத்திலிருந்து விலக்கம் ஆகியவையே அதன் கையில் உள்ளவை. எனினும் பழங்குடிக் காவலர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பொதுச்சாலையில் பழங்குடியல்லாதவரை நிறுத்தி, சோதித்து, உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கும் வரை தடுத்து வைக்கலாம் என்று 2021-இல் கூலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆணையை மீறும் நோக்கோடு மாநில எல்லையையோ பழங்குடி நில எல்லையையோ கடந்து வந்து மீறினால் அது தனிக் கூட்டாட்சிக் குற்றமாகவும் ஆகும்.

ஆறாவது சுற்றின் தீர்ப்பு மிச்சிகன், ஓஹையோ, கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். பெரும்பான்மையான பழங்குடிகள் வாழும் மேற்கு மாநிலங்களின் நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றலாம்; பின்பற்றக் கடமைப்பட்டவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்பிரிவின் கடைசி வாசகமான “வேறு வகையில் பழங்குடியின் அதிகாரத்துக்கு உட்பட்ட” என்பதன் பொருள் இன்னும் சோதிக்கப்படாமலே இருக்கிறது. மிச்சிகன் வழக்கில் பாதிக்கப்பட்டவர் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் வாழ்ந்ததால் அந்த வாசகத்தைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. அலாஸ்காவில் 2022 வரை அந்தத் தேவை ஒவ்வொரு நாளும் எழுந்தது. அங்கே 200-க்கு மேற்பட்ட பழங்குடிகள் உள்ளன. ஆனால் 1998-இல் வெனட்டி வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, 1971-ஆம் ஆண்டின் நிலத் தீர்வுச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட நிலங்கள் பழங்குடி நிலப்பகுதி என்ற வரையறைக்குள் வருவதில்லை. 2013 சட்டம் முதலில் அலாஸ்காவின் பெரும்பாலான பழங்குடிகளைத் தன் புதிய அதிகாரங்களிலிருந்து விலக்கியே வைத்தது. 2014 டிசம்பரில்தான் அந்த விலக்கு நீக்கப்பட்டது. சாலை இணைப்பே இல்லாத, மாநிலக் காவலர் விமானத்தில் வந்து சேர வேண்டிய கிராமம் ஒன்றில், ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்த பழங்குடி நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை, எல்லையுள்ள நிலம் இல்லாமலே, உறுப்பினரைக் காக்கும் பழங்குடியின் உள்ளார்ந்த அதிகாரத்தின்மேல் மட்டுமே நின்று பழங்குடியல்லாதவரைக் கட்டுப்படுத்துமா என்பதுதான் 2022 வரை அந்தக் கடைசிச் சொற்களை வைத்து நீதிமன்றங்கள் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்வி. அந்த ஆண்டின் திருத்தம், அலாஸ்காவின் பழங்குடி நீதிமன்றங்கள் தம் கிராமத்துக்குள் எழும் விவகாரங்களில் “எந்த நபரையும்” குறித்த பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம் என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. கிராமத்துக்கு வெளியே எழுபவற்றுக்கு அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது. கட்டுப்படுத்தும் என்று படிப்பதே அந்த வாசகத்துக்கு வேலை கொடுக்கும் வாசிப்பு. நிலப்பகுதிக்குள் எழுபவற்றுக்கு மட்டும் என்று நாடாளுமன்றம் கருதியிருந்தால், “அல்லது” என்று தொடங்கும் அந்தப் பகுதியை எழுதியிருக்கவே தேவையில்லை.